டியூட்டி போடும் பேனா யார் கையில்? நடுவர் சங்கத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கும் அங்கீகாரத்துக்கும் உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

வட்டார அளவிலான நடுவர் சங்கத்தில் அதிகம் போனால் ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். வார இறுதி ஆட்டங்களுக்கு ஆள் அனுப்புவது, புதியவர்களுக்குத் தேர்வு வைப்பது, கிரேடு உயர்த்துவது, ஆண்டுக்கொரு பொதுக்குழு கூட்டுவது என்று வேலை ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். துணைவிதிகளைத் திருத்த உட்காரும்போது மட்டும் இரண்டு அத்தியாயங்களில் சண்டை வராமல் இருக்காது. ஒன்று ஒழுங்கு நடவடிக்கை, இன்னொன்று விருதும் பதவி உயர்வும். பல சங்கங்களில் முதலாவதை ஒரு குழு எழுதும், இரண்டாவதை இன்னொரு குழு எழுதும். இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது முதல் புகார் வந்த பிறகுதான் தெரியவரும்.

இவற்றைச் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதற்குக் காரணம், யார் எந்த ஆட்டத்துக்கு என்று ஒதுக்கும் டியூட்டி பட்டியல். தொழில்முறை லீகில் விசில் பிடிப்பவருக்கு ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. வட்டார நடுவருக்கு அவருடைய டியூட்டிதான் எல்லாம். லீக் ஆட்டமா நாக்-அவுட்டா, மெயின் நடுவரா கோட்டோரத்தில் கொடி பிடிப்பவரா, யாரோடு ஜோடி, எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதெல்லாம் பட்டியல் எழுதுபவர் கையில் இருக்கிறது. ஒருவருக்கு ஃபைனல் கொடுப்பது பரிசு. இரண்டு மாதம் எதுவும் கொடுக்காமல் விடுவது தண்டனை. இரண்டும் எந்தக் காகிதத்திலும் பதிவாகாது. இத்தாலியக் கால்பந்தை 2006-இல் உலுக்கிய விவகாரத்தின் மையத்தில் இருந்தவை, கிளப் நிர்வாகிகளுக்கும் நடுவர்களை ஆட்டங்களுக்கு ஒதுக்கும் அதிகாரிகளுக்கும் இடையே நடந்த தொலைபேசி உரையாடல்கள். களத்தில் விசில் ஊதியவரை நேராக அணுகுவதைவிட, ஆளை ஒதுக்குபவரைப் பிடிப்பது எளிது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

ஆகவே கீழே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே. டியூட்டி போடும் அதே கைக்கு இது தண்டிக்கும் அதிகாரத்தையும் கொடுக்கிறதா?

மூன்று குவியலாகப் பிரிக்காமல் தொடங்க வேண்டாம்

நடுவர் மீது வரும் புகார்களை ஒரே பெட்டியில் போட்டால் எந்த முறையும் வேலை செய்யாது. தவறான தீர்ப்பு ஒரு வகை. தாமதமாக வருவது, ரிப்போர்ட் அனுப்பாதது போன்ற நிர்வாகக் குறை இன்னொரு வகை. வசைபாடுவது, ஒரு பக்கம் சாய்வது, பந்தயம், தொந்தரவு போன்ற நடத்தைக் குற்றம் மூன்றாவது.

தவறான தீர்ப்புக்குத் தண்டனையே கூடாது. அது பயிற்சிக் குழுவின் வேலை. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் பேஸ்பால் ஆட்டத்தில் நடுவர் ஜிம் ஜாய்ஸ், அவுட்டாகியிருக்க வேண்டிய கடைசி ஆட்டக்காரரை 'சேஃப்' (அவுட் இல்லை) என்று அறிவித்ததால் அர்மாண்டோ கலராகா என்ற பந்துவீச்சாளரின் 'பெர்ஃபெக்ட் கேம்' சாதனை, அதாவது எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடிக்கும் ஆட்டம், பறிபோனது. வீடியோவைப் பார்த்ததும் ஜாய்ஸ் தன் தவறை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்டார். அவர்மேல் நடவடிக்கை இல்லை. மறுநாள் அதே இரு அணிகளின் ஆட்டத்தில் அவரே பிளேட்டுக்குப் பின்னால், தலைமை நடுவரின் இடத்தில் நின்றார், அணியின் பட்டியலை அவரிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகா. தவறுக்கு சஸ்பென்ஷன் என்று ஒரு விதி இருந்திருந்தால் ஒப்புக்கொள்ள அங்கே யார் முன்வருவார்? தீர்ப்புப் பிழையைத் தண்டிக்கும் சங்கத்தில் நடுவர்கள் ரிப்போர்ட்டில் மழுப்பக் கற்றுக்கொள்வார்கள், கூட நின்றவர் கண்டும் காணாமல் கையெழுத்துப் போடுவார்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. விதியையே தெரியாமல் தவறு செய்வதும் பார்த்ததைத் தவறாகக் கணிப்பதும் வேறுவேறு. ஒரே சீசனில் ஒரே விதியை இரண்டு முறை தவறாகப் பயன்படுத்தியவரை மறுதேர்வுக்கு அனுப்பலாம். அதையும் தண்டனைப் பதிவேட்டில் எழுதாமல் பயிற்சிக் கோப்பிலேயே வைக்க வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கை: நான்கு வழிகள்

முதல் வழி, எழுதாத வழி. செயலாளரோ டியூட்டி போடுபவரோ தாமே பார்த்துக்கொள்வார். யாராவது சொதப்பினால் போனில் கடிந்துகொள்வார், மீண்டும் சொதப்பினால் சில வாரம் பெயர் பட்டியலில் இருக்காது. இருபது பேருக்குக் குறைவான சங்கத்தில் இது வேகமாகவும் செலவில்லாமலும் நடக்கும், பல இடங்களில் நன்றாகவே நடக்கிறது. சிக்கல் எங்கே என்றால், தண்டனை அனுபவிப்பவருக்கே தான் தண்டிக்கப்பட்டிருப்பது தெரியாது. காரணம் தெரியாததால் திருந்தவும் வழியில்லை, முடிவு தேதி இல்லாததால் காத்திருக்கவும் வழியில்லை. அவர் வேறு சங்கத்துக்குப் போய்விடுவார், அல்லது விசிலைக் கழற்றி வைத்துவிடுவார். செயலாளர் மாறும்போது முந்தைய குறைகள் எல்லாம் அவர் நினைவோடு போய்விடும். புதியவர் வேண்டியவர் வேண்டாதவர் பட்டியலைப் புதிதாகத் தொடங்குவார்.

இரண்டாவது, செயற்குழுவே விசாரிப்பது. துணைவிதிகளில் அதிகம் காணப்படுவது இதுதான், எங்கள் பார்வையில் அதிகம் கெடுவதும் இதுதான். செயற்குழு தேர்தலில் வென்று வந்த குழு. குற்றம் சாட்டப்பட்டவர் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவராக இருப்பார், அல்லது போன தேர்தலில் எதிரணிக்கு வேலை செய்தவராக இருப்பார். தீர்ப்பு சரியாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். போதாக்குறைக்கு மேல்முறையீடு பொதுக்குழுவுக்கு என்று விதி இருக்கும். அறுபது பேர் நடுவில் ஒருவரின் தனிப்பட்ட விவகாரத்தை வாசித்து, கை தூக்கி முடிவெடுப்பார்கள். புகார் கொடுத்தவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். தொந்தரவுப் புகார் என்றால் அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். உறுப்பினர் நீக்கம் உட்பட எதையும் பொதுக்குழுவின் கை தூக்கலுக்கு விடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

மூன்றாவது, புள்ளி அட்டவணை. ஒவ்வொரு குறைக்கும் முன்கூட்டியே புள்ளி, குறிப்பிட்ட எண்ணிக்கை வந்தால் குறிப்பிட்ட விளைவு. யாரிடமும் முறையிட வேண்டியதில்லை, யாரும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. நிர்வாகக் குறைகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. நடத்தைக் குற்றத்துக்கு இது சற்றும் பொருந்தாது. ஆத்திரத்தில் சொன்ன ஒரு வார்த்தையும் திட்டமிட்டுச் செய்த அவமானமும் ஒரே புள்ளியில் அடங்காது.

நான்காவது, தனி விசாரணைக் குழுவும் அதிலிருந்து வேறுபட்ட மேல்முறையீட்டுக் குழுவும். நேரம் எடுக்கும், ஆள் கிடைப்பது கடினம், எழுத்து வேலை அதிகம். ஆனால் ஒருவரை மூன்று மாதம் நிறுத்துவதையோ உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதையோ நியாயப்படுத்தக்கூடியது இது ஒன்றுதான்.

எங்கள் பரிந்துரை மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த கலவை. நிர்வாகக் குறைக்கு அட்டவணை, நடத்தைக்கு விசாரணைக் குழு. பந்தயம், ஆட்டத்தை விலைபேசுவது, சிறார் தொடர்பான புகார் ஆகியவை சங்கத்துக்குள் நிற்கவே கூடாது. அவை வந்த அன்றே மேல்மட்ட அமைப்புக்கும், சட்டப்படி குற்றமென்றால் காவல்துறைக்கும் போக வேண்டும். 'நாமே கூடிப் பேசி முடித்துவிடலாம்' என்று சொல்பவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் கேட்கக் கூடாது. சாட்சிகளை முதலில் பேசவைத்து, கதையை ஒன்றாக்கி, ஆதாரத்தைக் கெடுத்துவிடுவது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான்.

புள்ளி அட்டவணை எப்படி இருக்க வேண்டும்

ஏற்றுக்கொண்ட டியூட்டியை ஆட்டத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே திருப்பிக் கொடுத்தால் புள்ளி இல்லை. 48-க்கும் 24-க்கும் இடையில் என்றால் 1, 24 மணி நேரத்துக்குள் என்றால் 2. சொல்லாமல் வராமலே போனால் 5. தொடக்கத்துக்கு 30 நிமிடம் முன்பு மைதானத்தில் இல்லை என்றால் 1, ஆட்டம் தொடங்கிய பிறகு வந்தால் 3. சாதாரண ரிப்போர்ட் 48 மணி நேரத்தைத் தாண்டினால் 1. வீரர் வெளியேற்றப்பட்ட ஆட்டத்தின் ரிப்போர்ட் 24 மணி நேரத்தைத் தாண்டினால் 3. கடைசி இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று கேட்பார்கள். வெளியேற்ற ரிப்போர்ட் வராவிட்டால் லீக்கின் ஒழுங்குக் குழு முடிவெடுக்க முடியாது. அந்த வீரர் அடுத்த வாரம் விளையாடிவிடுவார், எதிரணி புகார் கொடுக்கும், பிரச்சினை நடுவரைத் தாண்டி லீக் அட்டவணை வரை போகும்.

சேரும் புள்ளிகளில் 4 வந்தால் எழுத்துமூல நினைவூட்டல், 6 வந்தால் இரண்டு ஆட்ட வாரங்கள் டியூட்டி இல்லை, 10 வந்தால் விசாரணைக் குழு. ஒவ்வொரு புள்ளியும் ஆறு மாதத்தில் காலாவதியாக வேண்டும். காலாவதி இல்லாத அட்டவணையில் மூத்தவர்கள் எல்லோரும் நான்காவது வருடம் குற்றவாளிகளாகிவிடுவார்கள்.

இந்த முறை கெடும் இடங்களைத் தெரிந்தே தொடங்க வேண்டும். சீசனில் 60 ஆட்டம் செய்பவர் 6 புள்ளி வாங்குவதும் 8 ஆட்டம் செய்பவர் 6 புள்ளி வாங்குவதும் ஒன்றல்ல. கணக்கு அப்படியே நின்றால் அதிகம் உழைப்பவரே முதலில் மாட்டுவார். அதனால் குறையில்லாமல் செய்த ஒவ்வொரு பத்து ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி கழியும் என்று எழுத வேண்டும். இரண்டாவது, புள்ளிக்குப் பயந்து நடுவர்கள் தங்களுக்குள் போனில் டியூட்டியை மாற்றிக்கொள்வார்கள். கிரேடு இல்லாதவர் பெரிய ஆட்டத்தில் நிற்பார். மாற்றம் பதிவேட்டில் ஏறாவிட்டால் அதை 'வராமல் போனதாக' கருதும் விதி தேவை. மூன்றாவது, உடல்நலக் குறைவு. சீசனில் முதல் முறைக்குச் சான்று கேட்காதீர்கள், இரண்டாவது முறையிலிருந்து கேளுங்கள். காய்ச்சலோடு வந்து ஓட முடியாமல் நிற்பவரைவிட, முதல் நாள் இரவே சொல்லிவிட்டு வராதவர் மேல்.

புள்ளியைப் பதிபவர் டியூட்டி போடுபவராக இருக்கக் கூடாது. பதிவாளர் என்று ஒருவர் தனியே இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளியும் பதிவான மூன்று நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்கு எழுத்தில் போக வேண்டும், மறுக்க ஏழு நாள் தர வேண்டும்.

ஆட்டக் கட்டணத்திலிருந்து அபராதம் பிடிக்கும் யோசனையும் அவ்வப்போது வரும். எங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அபராதம் வைத்தவுடன் அது ஒரு விலையாகிவிடுகிறது. கட்டிவிட்டு வராமல் இருக்கலாம் என்று வசதியானவர் கணக்குப் போடுவார்.

விசாரணைக் குழு: ஆளும் கால அளவும்

மூவர் குழு போதும், ஆனால் மூவரும் ஒவ்வொரு வழக்குக்கும் ஏழு பேர் கொண்ட பட்டியலிலிருந்து வர வேண்டும். பட்டியலில் ஓய்வுபெற்ற நடுவர்கள், பக்கத்துச் சங்கத்தில் ஓய்வுபெற்றவர்கள், விளையாட்டுக்கு வெளியே சட்டமோ நிர்வாகமோ தெரிந்த ஓரிருவர் இருக்கலாம். இப்போது களத்தில் நின்று அதே ஃபைனலுக்குப் போட்டியிடுபவர் மட்டும் கூடாது. சிறிய சங்கம் என்றால் பக்கத்துச் சங்கத்தோடு பரிமாற்றம் செய்துகொள்ளுங்கள். உங்கள் வழக்கை அவர்கள் ஆட்கள் கேட்கட்டும், அவர்கள் வழக்கை உங்கள் ஆட்கள் கேட்கட்டும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் வட்டாரத்தில் இதைவிட நடைமுறைக்கு உகந்த வழி தெரியவில்லை.

விவரம் சேகரிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் வேறு. கால அளவாக நாங்கள் வைப்பது இது. நிகழ்ந்த 14 நாளுக்குள் எழுத்தில் புகார். 7 நாளுக்குள் இது விசாரணைக்கு உரியதா, பயிற்சிக்கு உரியதா, அட்டவணைக்கு உரியதா என்ற முதற்கட்ட முடிவு. விளக்கம் கேட்டு நோட்டீஸ், பதில் சொல்ல 10 நாள். புகார் வந்த 30 நாளுக்குள் நேர் விசாரணை, அடுத்த 7 நாளில் காரணங்களோடு எழுத்துத் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு 14 நாள். தொந்தரவுப் புகாருக்கு மட்டும், புகார் கொடுப்பதற்கான 14 நாள் வரம்பு பொருந்தாது.

பெரும்பாலான வழக்குகள் நோட்டீஸிலேயே தோற்றுவிடுகின்றன. 'தங்கள் நடத்தை சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததாகத் தெரியவருவதால் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்ற வாசகம் கண்ணுக்குப் பழக்கமானது, பயனற்றது. அதற்கு யாரும் பதில் எழுத முடியாது. எந்தத் தேதி, எந்த ஆட்டம், எத்தனையாவது நிமிடம், யாரிடம், சொன்னதாகக் கூறப்படும் சொற்கள் அப்படியே, மீறப்பட்ட விதியின் எண், கையில் இருக்கும் ஆதாரங்களின் பட்டியலும் நகல்களும், அதிகபட்சமாக என்ன தண்டனை வரலாம் என்பது, விசாரிக்கப் போகும் மூவரின் பெயர், அவர்களில் யாரையாவது ஆட்சேபிக்கும் உரிமை, இவ்வளவும் அந்த ஒரு தாளில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை நிரப்ப முடியவில்லை என்றால் புகார் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள்.

ஆதாரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூட நின்ற நடுவர்களின் வாக்குமூலத்தைத் தனித்தனியாக, அவர்கள் பேசிக்கொள்ளும் முன்பு எழுதி வாங்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் என்றால் வெட்டிய துண்டு வேண்டாம், முன்னும் பின்னும் முழு உரையாடல் வேண்டும். இன்றைக்கு வரும் நடத்தைப் புகார்களில் பெரும்பங்கு மைதானத்தில் பிறந்ததல்ல, வாட்ஸ்அப் குழுவில் சக நடுவரின் வீடியோவைப் போட்டுக் கேலி செய்ததில் பிறந்தது. 'சமூக ஊடகத்தில் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும்' என்று விதி எழுதினால் யாருக்கும் புரியாது. 'தான் அல்லது சங்க உறுப்பினர் நடுவராக இருந்த ஆட்டத்தின் தீர்ப்புகளைப் பற்றிப் பயிற்சிக் குழுவின் தளத்துக்கு வெளியே எழுத்திலோ ஒலியிலோ கருத்துச் சொல்லக் கூடாது' என்று எழுதினால் புரியும்.

விதி மிக அகலமாக இருப்பதன் ஆபத்துக்கு அமெரிக்கக் கூடைப்பந்து நல்ல பாடம். என்பிஏ நடுவர் டிம் டோனகி பந்தய விவகாரத்தில் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு லீக் தன் எல்லா நடுவர்களையும் விசாரித்தது. ஒப்பந்தத்தில் இருந்த சூதாட்டத் தடையை ஏதோ ஒரு வகையில் மீறாதவர் யாருமே இல்லை என்று தெரிந்தது. பாதிக்கு மேற்பட்டோர் கேசினோவில் பணம் வைத்து ஆடியதை ஒப்புக்கொண்டார்கள். ஆணையர் டேவிட் ஸ்டெர்ன் அவர்களைத் தண்டிக்காமல் விதியைத் திருத்தப் போவதாக அறிவித்தார். எல்லோரும் மீறும் விதி ஒன்று புத்தகத்தில் இருந்தால், பிடிக்காதவரை மட்டும் பிடிக்க அது உதவும். உங்கள் துணைவிதியில் அப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சீருடைக்கு மேலே ஜாக்கெட் போடக் கூடாது என்று விதி இருக்கும், எல்லோரும் போடுவார்கள், அதுபோன்றவை.

தண்டனையை எதில் அளப்பது என்பதிலும் பல சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. 'எட்டு வாரம் சஸ்பென்ஷன்' என்று தீர்ப்பு வந்து, அதில் ஆறு வாரம் சீசன் இடைவெளியாக இருந்தால் அது தண்டனையே இல்லை. 'ஐந்து ஆட்டம்' என்று எழுதினால், அந்த ஐந்து ஆட்டமும் எப்போது வந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பவர் மறுபடியும் டியூட்டி போடுபவர். சங்கம் டியூட்டி அனுப்பிய வாரங்களை மட்டும் எண்ணும் 'ஆட்ட வாரம்' என்ற அளவு இரண்டு ஓட்டையையும் அடைக்கும். வாய்வழி எச்சரிக்கையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். பதிவு இல்லாதது நடக்கவே இல்லை. எழுத்து எச்சரிக்கை பன்னிரண்டு மாதத்தில் அழிய வேண்டும்.

விசாரணை முடியும் முன் இடைக்கால நிறுத்தம் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். புகார் கொடுத்த அணியின் ஆட்டத்துக்கோ புகார் கொடுத்த நடுவரோடு ஜோடியாகவோ அனுப்பாமல் இருந்தால் போதும். உண்மையிலேயே நிறுத்த வேண்டிய வழக்கில் 30 நாள் உச்சவரம்பு வைத்து, நீட்டிக்க வேண்டுமென்றால் மேல்முறையீட்டுக் குழுவின் ஒப்புதல் கேளுங்கள்.

மேல்முறையீடு மூன்று காரணங்களுக்கு மட்டும்: நடைமுறை மீறப்பட்டது, புதிய ஆதாரம் வந்தது, தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாத அளவு. முழு வழக்கையும் மறுபடி கேட்கக் கதவைத் திறந்தால் சீசன் முடிந்த பிறகும் வாய்தா ஓடிக்கொண்டிருக்கும்.

அங்கீகாரம்: எதை வைத்து அளப்பது

பணிமூப்பு எளிது, சண்டை குறைவு. 5, 10, 25 ஆண்டுகளுக்கு நினைவுச் சின்னம் கொடுப்பதில் தவறில்லை. அதையே ஃபைனல் டியூட்டிக்கும் கிரேடுக்கும் அளவுகோலாக்கினால் இளையவர்கள் மூன்றாவது வருடமே கணக்குப் போட்டு விலகிவிடுவார்கள்.

ஆட்ட எண்ணிக்கை இன்னும் சற்று நியாயமாகத் தோன்றும். 100, 250, 500 ஆட்ட மைல்கற்கள் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் எண்ணிக்கையை ஆண்டு விருதோடு இணைத்தால் ஒரே நாளில் மூன்று ஆட்டம் கேட்பவர்கள் வருவார்கள், மூன்றாவது ஆட்டத்தில் கால் நகராது. ஒரு நாளில் இரண்டுக்கு மேல் செய்தவை மைல்கல் கணக்கில் சேராது என்று ஒரு வரி போதும்.

உறுப்பினர் வாக்கெடுப்பில் வெல்பவர் நல்லவராகத்தான் இருப்பார், சிறந்தவராக இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் கூடும் மைதானத்தில் நிற்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். கடைக்கோடி மைதானத்தில் தனியாக நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. வாக்கெடுப்பு வேண்டுமென்றால், குறைந்தது மூன்று ஆட்டத்தில் சேர்ந்து நின்றவர் மட்டும் அந்த ஒருவருக்கு மதிப்பிடலாம் என்று சுருக்குங்கள்.

அணிகளின் கருத்து ருசியான ஆபத்து. உச்ச மட்டத்தில் அது ஓரளவு ஓடுகிறது. ஐசிசியின் ஆண்டின் சிறந்த அம்பயர் விருதுக்கு டெஸ்ட் அணித் தலைவர்களும் மேட்ச் ரெஃப்ரிகளும் வாக்களித்த காலம் உண்டு. அங்கே ஒரு சிறு எலைட் பேனலையே எல்லா அணித் தலைவர்களும் ஆண்டு முழுக்கப் பார்த்தார்கள். வட்டாரத்தில் ஓர் அணி ஒரு நடுவரைச் சீசனில் இரண்டு முறை பார்க்கும், அதில் ஒன்றில் தோற்றிருக்கும். ஆட்டம் முடிந்த சூட்டில் வாங்கும் மதிப்பெண் ஸ்கோர்போர்டின் நகல். சீசன் முடிவில், நேரத்துக்கு வந்தாரா, பேசினால் பதில் சொன்னாரா, ஓடினாரா என்ற மூன்று கேள்விக்கு மட்டும் அணிகளிடம் பதில் வாங்கலாம். தீர்ப்பு பற்றிக் கேட்கக் கூடாது.

அதே விருதில் இன்னொன்றும் தெரிகிறது. 2004 முதல் 2008 வரை ஐந்து முறையும் சைமன் டஃபல், 2009 முதல் 2011 வரை மூன்று முறையும் அலீம் தார். எட்டு ஆண்டில் இரண்டே பெயர்கள். இருவரின் தகுதி பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அறுபது பேர் கொண்ட சங்கத்தில் 'சிறந்த நடுவர்' என்று ஒரே விருது வைத்தால் அது ஓரிருவர் வீட்டு அலமாரியில் குவியும், மற்றவர்களுக்கு அது தங்களுக்கானதல்ல என்று இரண்டாவது வருடமே தெரிந்துவிடும். கிரேடு வாரியாகப் பிரித்தாலே இந்தச் சிக்கல் பாதி தீரும்.

கடைசியாக, பார்வையாளர் மதிப்பெண். நடுவரின் வேலையைக் கவனிக்க வரும் அப்சர்வர் ஆட்டத்தைப் பார்த்து மதிப்பிடுவது. கிரேடு உயர்வுக்கும் ஃபைனலுக்கும் அடிப்படையாக இதைத்தான் வைக்க வேண்டும், ஆனால் பலவீனம் தெரிந்து. ஐரோப்பியக் கால்பந்தில் 10-க்கான அளவில் 8.3, 8.4 என்பது எதிர்பார்த்த தரம். ஆட்டத்தில் தெளிவான முக்கியத் தவறு ஒன்று வந்தால் 7.9-க்கு இறங்கிவிடும், அந்தத் தவறு இல்லாவிட்டால் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் குறிப்பார்கள். இந்தக் கடைசிப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நொடியின் தவறையும் தொண்ணூறு நிமிட வேலையையும் அது தனித்தனியே காட்டுகிறது. எடுத்துக்கொள்ளக் கூடாதது தசமப் புள்ளியை வைத்து வரிசைப்படுத்துவது. எல்லோரும் 8.2-க்கும் 8.5-க்கும் நடுவில் நெருங்கி நிற்கும்போது 8.37 பெற்றவர் 8.35 பெற்றவரைவிடச் சிறந்தவர் என்பதற்குப் பொருளே இல்லை. சீசனில் குறைந்தது மூன்று மதிப்பீடு, அவை குறைந்தது இரண்டு வேறு அப்சர்வர்களிடமிருந்து. சீசன் தொடங்கும் முன் எல்லா அப்சர்வர்களையும் உட்காரவைத்து ஒரே வீடியோவுக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். தாராளமானவர் யார், கஞ்சர் யார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிறகு மதிப்பெண்ணை வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று அடுக்காக மட்டும் பிரியுங்கள். மேல் அடுக்கில் இருப்பவர்களுக்குள் ஃபைனல் சுழற்சியில் போகட்டும்.

சுழற்சிக்கும் தகுதிக்கும் இடையேயான இழுபறி பழையது. இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பைக் கால்பந்து ஃபைனலை ஒரு நடுவர் வாழ்நாளில் ஒரே முறைதான் நடத்துவார் என்பது நூறாண்டுக்கு மேல் நிலைத்த மரபு. 1901-க்குப் பிறகு இரண்டாவது முறை ஃபைனல் நடத்திய முதல் நடுவர், 2020-இல் ஆண்டனி டெய்லர்தான். வட்டாரச் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் சொல்வது, ஒரு ஃபைனல் செய்தவர் அடுத்த இரண்டு சீசன் அதே போட்டியின் ஃபைனலுக்குக் காத்திருக்க வேண்டும், மேல் அடுக்கில் வேறு ஆளே இல்லாவிட்டால் தவிர.

விருது மேடையில் ஏறாத உழைப்பு ஒன்று உண்டு. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போன் வந்து, யாரோ வராததால் கிளம்பிப் போகிறவர். அட்டவணைப் பதிவேட்டில் திருப்பிக் கொடுத்தவரின் பெயருக்கு எதிரே, 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டவரின் பெயரையும் எழுதினால் போதும். தண்டனைக்கு வைத்த அதே ஏடு பாராட்டுக்கும் ஏடாகிவிடும். சீசன் முடிவில் முதல் ஐந்து பேருக்குக் கடிதமும், வெளியூர்ப் பயிற்சி முகாமுக்கு அனுப்பும்போது முன்னுரிமையும் கொடுங்கள். புதியவர்கள் நிலைப்பதற்கு நினைவுக் கேடயத்தைவிட இது உதவும். முதல் வருடத்தவர் விலகுவது கேடயம் கிடைக்காததால் அல்ல, வசைபாடும் கூட்டத்தின் நடுவே தனியாக நின்றபோது சங்கத்திலிருந்து யாரும் கூப்பிட்டுக் கேட்காததால்.

இரண்டும் சந்திக்கும் இடம்

'குறையற்ற பதிவு உள்ளவர் மட்டுமே விருதுக்குத் தகுதி' என்று கேட்க நன்றாக இருக்கும் விதியைத் தயவுசெய்து வைக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை ஒருவரின் விருதையும் கிரேடையும் காவு வாங்கும் என்றால், குழு அந்த எச்சரிக்கையை எழுதத் தயங்கும். சக நடுவர் புகார் கொடுக்கத் தயங்குவார். ஒழுங்கு முறையே நின்றுவிடும். அட்டவணைப் புள்ளிகள் விருதைத் தொடவே கூடாது. எழுத்து எச்சரிக்கை உள்ளவருக்கு அந்தச் சீசன் விருது இல்லை, கிரேடுத் தேர்வு உண்டு. சஸ்பென்ஷன் பெற்றவருக்கு அது முடிந்து பன்னிரண்டு மாதம். விசாரணை நிலுவையில் இருந்தால் அறிவிப்பைத் தள்ளிப்போடலாம், ரத்து செய்யக் கூடாது.

எதிர்த்திசையும் அவ்வளவே முக்கியம். திறமை மதிப்பெண் நடத்தைக்குக் கேடயமாகக் கூடாது. அமெரிக்க பேஸ்பால் நடுவர் பேட் ஹோபர்க், 2022-இல் அந்த லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் இரண்டாம் ஆட்டத்தில் தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த 129 பந்துகளையும் சரியாகச் சொன்னவர் என்று பேசப்பட்டவர். பந்தயக் கணக்கை, பேஸ்பால் மீது பந்தயம் கட்டும் நண்பர் ஒருவரோடு பகிர்ந்துகொண்டதற்காகவும் செய்திகளை அழித்ததற்காகவும், மேல்முறையீடு கேட்கப்பட்ட பின் 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டார். அவர் பேஸ்பால் மீது பந்தயம் கட்டியதாகவோ ஆட்டத்தைத் திரித்ததாகவோ ஆதாரம் இல்லை என்பதையும் அதே அறிவிப்பு சொன்னது. மேலே சொன்ன நோட்டீஸ் பகுதிக்கு இது எடுத்துக்காட்டு: எதற்குத் தண்டனை, எதற்கு இல்லை என்பது ஒரே அறிவிப்பில் தெளிவாக இருந்தது.

ஏற்கெனவே கொடுத்த பணிமூப்புச் சின்னத்தையும் ஆட்ட மைல்கல்லையும் தண்டனையாகப் பறிக்க வேண்டாம். 500 ஆட்டம் செய்தது நடந்த விஷயம். ஆயுள் உறுப்பினர் போன்ற கௌரவங்களை மட்டும், நீக்கத் தீர்ப்பு வந்தால், அதே தீர்ப்பில் திரும்பப் பெறலாம்.

உங்கள் சங்கத்துக்கு எது

இருபத்தைந்து பேருக்குக் கீழே என்றால் அட்டவணை மட்டும் போதும். நடத்தைப் புகார்களைப் பக்கத்துச் சங்கத்தின் குழுவுக்கோ மேல்மட்ட அமைப்புக்கோ அனுப்ப எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நாற்பது முதல் நூறு வரை என்றால் மேலே விவரித்த கலவை. அதற்கு மேல் போனால் பதிவாளருக்கும் அப்சர்வர்களுக்கும் ஊதியம் இல்லாமல் இது ஓடாது. தன்னார்வத்தில் ஆறு மாதம் ஓடி, ஏழாவது மாதம் பதிவேடு காலியாகக் கிடக்கும், அதன் பிறகு கொடுக்கும் முதல் தண்டனை அநீதியாகத் தெரியும். பத்துப் பேருக்குப் பதியாமல் பதினொன்றாமவருக்கு மட்டும் பதிந்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது.

நடைமுறைப்படுத்தும் தேதியைச் சீசனின் நடுவில் வைக்காதீர்கள். புதிய விதிகள் சீசனின் முதல் டியூட்டி பட்டியலோடு தொடங்கட்டும். அதற்கு முன் நடந்தவை பழைய விதிப்படியே முடிக்கப்படும் என்று ஒரு பிரிவும் சேர்க்க வேண்டும். முதல் ஆறு வாரம் அட்டவணைப் புள்ளிகளைப் பதிந்து எல்லோருக்கும் அனுப்பி, விளைவு எதுவும் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். யார் யாருக்கு 6 தாண்டுகிறது, அதில் எத்தனை உண்மையான அலட்சியம், எத்தனை டியூட்டி போட்டவர் ஒரே நாளில் இரண்டு தூர மைதானங்களைக் கொடுத்ததால் வந்தது என்று அந்த ஆறு வாரப் பதிவு காட்டிவிடும்.